பதினோராம் அத்தியாயத்துக்கு ஒரு கையெழுத்து

அன்புள்ள பெரியவனுக்கு,

என் புத்தகம் வெளிவராமல் கிடப்பதற்குக் காரணம் நீதான். இதைச் சொல்லிவிட்டுத்தான் நலம் விசாரிக்க வேண்டும் என்றிருந்தேன், சொல்லிவிட்டேன். உடம்பு எப்படி இருக்கிறது, இருமல் நின்றதா, படுக்கிற அறையில் ஈரத்துணி காயப்போடாதே. இங்கே அப்பாவுக்கு முட்டிவலி, தங்கச்சிக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது, நான் வழக்கம்போல் சலவைக்கூடத்தில் ஆஸ்பத்திரி விரிப்புகளை மடித்துக்கொண்டு நிற்கிறேன்.

பதிப்பகத்தார் கேட்டது ஒன்றுதான். புத்தகத்தில் இன்னார் என்று தெரிகிற எல்லோரும் ஆட்சேபனை இல்லை என்று கையெழுத்துப் போட வேண்டும், நாளைக்கு யாராவது வழக்குப் போட்டால் அவர்களால் தாங்க முடியாதாம். சாப்பாட்டு இடைவேளையில் பதினேழு பேர் போட்டுக் கொடுத்தார்கள், என்னைக் கொஞ்சம் ஒல்லியா எழுதுக்கா என்று கேட்டுக்கொண்டே ஒருத்தி போட்டாள். எந்நேரமும் மணி பார்க்கும் நம் மேற்பார்வையாளர் ‘கடிகாரம்’ படிக்காமலே போட்டுவிட்டார். நல்லபடியா எழுதியிருக்கேல்லம்மா என்றார், உள்ளபடி எழுதியிருக்கேன் சார் என்றேன். இப்போது திங்கட்கிழமை தோறும் என் மேசைக்கு வந்து புக்கு எப்பம்மா வருது என்கிறார். வந்தால் என் வேலை போய்விடும், வராவிட்டால் இந்த ஆளின் இளிப்பைத் தினமும் பார்க்க வேண்டும். இங்கே இன்னும் யாரும் முழுசாகப் படிக்காத புத்தகத்துக்காக, படிக்கப் போகிறவர்கள் நடுவிலேயே தினம் எட்டு மணி நேரம் பயந்துகொண்டு நிற்கிறேன்.

வாயாடி வீட்டுக்கு நானே போனேன், நீ பெரியம்மா என்று கூப்பிட்டவள். வலது கைதான் இல்லையே, இடது கையால் போட்டாள். கோழி கிளறின மாதிரி இருந்தாலும் என் கையெழுத்துதான்டி, வச்சுக்கோ என்று சிரித்தாள். பதினோராம் அத்தியாயம் அவளுடையது. விரிப்புகளைத் தேய்க்கும் பெரிய உருளையில் விரல் பட்டால் உடனே நிறுத்திவிட ஒரு கட்டை உண்டு, அடிக்கடி நின்று வேலை தாமதமாகிறது என்று அதைக் கயிற்றால் கட்டிவிட்டார்கள், அவள் கை போனது. அப்போது ஆபீசில் எழுத்தராக இருந்த நீ அந்தக் கயிற்றைப் பார்த்தாய், பார்த்துவிட்டு, தொழிலாளியின் கவனக்குறைவு என்று அறிக்கை எழுதினாய். நாலாம் மாதம் கம்பெனி உனக்குப் பதவி உயர்வு கொடுத்து வெளிநாட்டுக் கிளைக்கு அனுப்பியது. நானாக இட்டுக்கட்டியது எதுவும் இல்லை, புறப்படுகிற அன்று சமையலறையில் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு நீ அழுதபடி சொன்னதைத்தான் எழுதினேன். கட்டையில் இப்போது புதுக்கயிறு கட்டியிருக்கிறார்கள். அந்த உருளையில் நிற்பவளுக்கு உன் தங்கச்சி வயதுதான்.

அந்த அத்தியாயத்தை எடுத்துவிட்டால் அடுத்த மாதமே அச்சுக்குப் போகலாம் என்கிறார் பதிப்பகத்து அம்மா. பெத்த பிள்ளையைக் காட்டிக் கொடுத்து என்னடி புத்தகம் என்கிறார் அப்பா. மகன் என்றிருந்ததை அக்கா மகன் என்று மாற்றி வாயாடிக்குப் படித்துக் காட்டினேன். உனக்கேதுடி அக்கா, என் கை போனதை எழுதறப்ப நடுங்காத கை, பிள்ளைன்னு எழுத மட்டும் நடுங்குதா என்று கேட்டாள். பழையபடியே மாற்றிவிட்டேன்.

பதிப்பகத்தை விட்டால் முழுசாகப் படிக்கக் கொடுத்தது உனக்கு மட்டும்தான். அனுப்பி எட்டு மாதம் ஆகிறது. திட்டியாவது எழுதியிருக்கலாம். போனில் சாப்பிட்டியா, அங்க மழையா என்கிறாய், நானும் சாப்பிட்டேன், மழைதான் என்கிறேன், வைத்துவிடுகிறாய்.

நோய்நொடி இல்லாமல், படுத்தால் தூக்கம் வருகிற மனசோடு நீ இருக்க வேண்டும், என் ஆசீர்வாதம் அவ்வளவுதான். இருமல் மருந்தைப் பாதியில் நிறுத்தாதே.

உன் அம்மா

பி.கு.: நாலாவது முறையாகப் படிவத்தை வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போடு. முடியாதென்றால், ‘அன்றைக்குச் சமையலறையில் நான் அப்படி எதுவும் சொல்லவில்லை’ என்று உன் கையால் ஒரு வரி எழுது, அத்தியாயத்தை நானே கிழித்துப் போடுகிறேன். இரண்டில் ஒன்றை அனுப்பு.