மேற்குச் சுவரில் பன்னிரண்டு கண்ணாடிகள்

தேதி மார்ச் 14, திங்கள், காலை 6.40. பழைய நீதிமன்றத்தின் மேற்குச் சுவரில் நான் ஒட்டிய கண்ணாடித் துண்டுகள் பன்னிரண்டு. என் அறிக்கைப்படி உடைந்தது ஒன்றுமில்லை. உண்மையில் உடைந்தவை ஐந்து.

அன்புள்ள வக்கீலம்மாவுக்கு அப்பா எழுதுவது. சட்டக் கல்லூரி விடுதியில் நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கிச் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே அம்மாவுக்கு முட்டிவலி தேவலை, தம்பிக்குப் பரீட்சை முடிந்தது, தாத்தா நேற்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. ஃபோனில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய், நான் கத்துவேன், அதனால்தான் கடிதம். முழுக்கப் படித்துவிட்டுக் கோபப்படு. விரிசலுக்குக் குறுக்கே மெல்லிய கண்ணாடியை ஒட்டி வைத்தால், சுவர் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் அது உடையும். நான்கு மாதம் உடையவில்லை, கட்டடம் நிற்கும் என்று பொறியாளனாகப் போன மாதம் கையெழுத்துப் போட்டேன். அதை வைத்து நீ மனு எழுதினாய், தாத்தாவின் பழைய கட்டடப் பாதுகாப்புக் குழு அதைக் கொடுத்து இடிப்பு உத்தரவை நிறுத்தியது, மேற்கு விசாரணைக் கூடத்தைத் திரும்பத் திறந்தார்கள். நூற்றிருபத்தாறு வருஷத்தில் இரண்டு தீயும் ஒரு வெள்ளமும் பார்த்த கட்டடம் என்று நீ எழுதியதை ஊரே மெச்சியது. நானும்தான்.

நேற்று மழை விட்டதும் சும்மா பார்க்கப் போனேன். ஐந்து துண்டுகளின் விளிம்பு தடிப்பாகத் தெரிந்தது. அளந்தேன். நான் ஒட்டியது ஒரு மில்லிமீட்டர், இவை இரண்டு; விரிசலின் ஒரு பக்கம் மட்டும் ஒட்டியிருந்தது, சுவர் நகர்ந்தாலும் உடையாது. நான் கீறிய தேதியையே கீறியிருந்தார்கள், என் எழுத்தைவிட அழகாக. காவலாளியைக் கேட்டால், "உங்கப்பாதான் சார், ரெண்டு மாசம் இருக்கும், நீங்க அனுப்பினதாச் சொல்லி ஏணி கேட்டாரு, நான்தான் புடிச்சிக்கிட்டேன்" என்கிறார். எழுபத்தொரு வயதில் ஏணி! வீட்டுக்கு வந்து பார்த்தால், தாத்தா ஓய்வு பெற்ற அன்று நீதிபதிகளோடு எடுத்த படம் கண்ணாடியில்லாமல் தொங்குகிறது. இத்தனை நாள் ஒருத்தர் கண்ணிலும் படவில்லை. கேட்டேன், மறைக்கவில்லை. "ஒடஞ்சது தெரிஞ்சா மறுநாளே புல்டோசர் வந்திருக்கும்டா, நீயே இடிச்சிடுங்கன்னு எழுதிக் குடுத்திருப்பே" என்றார். மூளை இருக்காப்பா என்று கேட்டுவிட்டேன். முதல் துண்டு உடைந்த அன்றே சொல்லியிருந்தால், பின்னால் ஒழுகும் சாக்கடைக் குழாயை மாற்றி, அஸ்திவாரத்துக்கு அடியில் கான்கிரீட் கொடுத்து நிறுத்தியிருப்பேன். இரண்டு மாதமாக மண் கரைந்துவிட்டது. தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தேன், சுவர் முப்பத்தொரு மில்லிமீட்டர் வெளியே சாய்ந்திருக்கிறது. இனி நிற்குமா என்று எனக்கே தெரியாது. முப்பத்தெட்டு வருஷம் அதே கூடத்தில் சாட்சிகள் சொன்னதை ஓர் எழுத்து மாறாமல் எழுதிய குமாஸ்தா செய்த காரியம் இது. "அப்ப என்னக் காட்டிக் குடுக்கப் போறியா?" என்றார். அம்மா நடுவில் வந்து, "மாமா பேர மட்டும் விட்டுட்டு எழுதுங்களேன், கண்ணாடி தானா ஒடஞ்சதுன்னா யார் கேக்கப் போறாங்க" என்றாள். அப்படி எழுதினால் என் கையெழுத்துக்கு அப்புறம் என்ன மதிப்பு? நீயும் எந்தப் பக்கம் என்று கேட்பாய். சுவருக்குப் பக்கம் தெரியாது. இன்று பத்தரைக்கு நூற்றெண்பது பேர் அங்கே வந்து உட்காருவார்கள். ஜீவனாம்சம் கேட்டு வருகிற பெண் கைக்குழந்தையோடு அந்தச் சுவரை ஒட்டிய பெஞ்சில்தான் உட்காருகிறாள், அங்கேதான் காற்று வரும். உட்காரலாம் என்று எழுதிக் கொடுத்தவன் நான். போன மாதம் கிட்டே போய் அளக்காமல் கீழே நின்று எண்ணிவிட்டு எழுதினேன், அந்தத் தப்பு தாத்தாவுடையதல்ல.

தாத்தா உனக்கு ஃபோன் பண்ணினால் கேட்டுக்கொள், செய்தது சரி என்று மட்டும் சொல்லாதே. பல் டாக்டரைத் தள்ளிப் போடாதே. நலமாக இரு, நன்றாகப் படி, உன் கையெழுத்து விழும் காகிதமெல்லாம் நீ பார்த்ததை மட்டும் சொல்லட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா

இன்று செய்யப் போவது:

1. எட்டு மணிக்கு நீதிபதியைப் பார்த்து மேற்குக் கூடத்தைப் பூட்டச் சொல்வேன்.
2. அறிக்கையைத் திரும்பப் பெறுவேன். என் பிழையை எழுதுவேன். துண்டுகளை மாற்றியவர் என் தகப்பனார் என்றும் எழுதுவேன்.
3. மதியத்துக்குள் இரும்புக் குழாய்களால் முட்டுக் கொடுப்பேன். இடிக்க உத்தரவு வருகிறவரை அது என் சுவர்.
4. இதற்கெல்லாம் முன்னால், எழுதியதைத் தாத்தாவுக்குப் படித்துக் காட்டுவேன், அவர் சாட்சிகளுக்குப் படித்துக் காட்டியதைப் போல. சரி என்றால் அடியில் கையெழுத்துப் போடட்டும். போடாவிட்டாலும் ஏழரைக்குக் கிளம்பிவிடுவேன்.