மாட்டாத வார்

செவ்வாய்க்கிழமை.

இன்று பிணவறைக்கு வந்தவன் சிங்கப்பூர் வேலைக்கு மோட்டார் சைக்கிளில் போன பையன். கூலாய் ஊரைத் தாண்டி லாரி இடித்திருக்கிறது. காற்று அடிக்காமலிருக்க ஜாக்கெட்டை முன்பின் மாற்றிப் போட்டிருந்தான். முதுகுப் பக்க ஜிப்பைத் திறக்க நான்தான் அவனைக் குப்புறப் புரட்டினேன். ஹெல்மெட் வாரை மாட்டவே இல்லையாம். டாக்டர் எழுதியது வழக்கம்போல் தலைக்காயம்.

வெளியில் அவன் அப்பா நின்றார். "தினமும் சொல்வேண்ணே, வாரை மாட்டுடான்னு."

வீட்டுக்கு வந்ததும், அதே மாதிரி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் என் மகனிடம் வாரை மாட்டச் சொன்னேன். அவன் சொன்னான், "இமிகிரேசன்ல முகம் காட்ட ஹெல்மெட்டைக் கழட்டணும்பா. திரும்ப மாட்டிக்கிட்டு நின்னா பின்னால ஹார்ன் அடிப்பாங்க லா." கத்தினேன். போனைப் பார்த்தபடியே தலையாட்டினான்.

விடியுமுன் கிளம்புவான். அவன் ஜாக்கெட் நாற்காலியில் தொங்குகிறது.

நானும் தினமும்தான் சொல்கிறேன்.