அம்மாவின் தலையணைக்குள் இருப்பது

அன்புள்ள சின்னவளுக்கு,

அப்பா எழுதுவது. நீ உடம்பும் மனசும் சுகமாக இருப்பாய் என்று நம்பித்தான் தொடங்குகிறேன். இங்கே இரண்டு பேரும் சுகம். என் முழங்கால் படி ஏறும்போது ஒத்துழைக்கிறது, இறங்கும்போது யோசிக்கிறது. அம்மாவின் ரத்தப் பரிசோதனையில் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது, மருத்துவரே கொஞ்சம் ஏமாற்றத்தோடுதான் தாளைத் திருப்பிக் கொடுத்தார். நீ அனுப்பிய தலையணைக்கு ஜோடியாக அதே ரகத்தில் முழு நீள மெத்தை விரிப்பு ஒன்றும் வாங்கப்போவதாகச் சொன்னாய். வாங்காதே, காரணம் கடிதத்தில் என்று செய்தி அனுப்பினேன். அதற்கப்புறம் நீ மூன்று முறை கூப்பிட்டும் நான் எடுக்கவில்லை. எடுத்தால் உளறியிருப்பேன்.

விஷயம் இதுதான். நீ அனுப்பியது குளிர்விக்கும் தலையணை. உள்ளே நீலமாக ஒரு ஜெல் பாளம், தலையின் சூட்டை உறிஞ்சும் என்று பெட்டியில் அச்சடித்திருந்தது. அச்சடித்தபடியே உறிஞ்சவும் செய்கிறது, விளம்பர உலகில் இப்படி ஒரு நாணயத்தை நான் எதிர்பார்க்கவில்லை. உன் ஞாபகத்திலும் தவறில்லை. நீ இங்கே இருந்தபோது அம்மா ஜன்னலைத் திற, மின்விசிறியைக் கூட்டு என்று எங்களை விரட்டியவள்தான். நீ போர்வைக்குள் சுருண்டுகொண்டு எதிர்க்கட்சி நடத்தினாய். இப்போது அவள் உடம்பு உன் கட்சிக்கு வந்துவிட்டது. படுத்தால் காது ஜில்லென்கிறது, கழுத்து விறைக்கிறது என்கிறாள், வெயில் காலத்திலும் காலுறை போட்டுக்கொள்கிறாள். நீ அவ்வளவு தூரம் போய் வேலை பார்ப்பதைப் பற்றி நீங்கள் இருவரும் வாசலில் நின்று காரசாரமாகப் பேசிக்கொண்டதற்கு அப்புறம் பதினொரு மாதம் ஒரு வார்த்தை கிடையாது, உனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும். அந்த நிலையில் முதல் சமாதானத் தூதாக உன் பெட்டி வந்து இறங்கியது. தூதனைப் போய்க் குறை சொல்வார்களா. அன்றே கம்பளித் தொப்பியை மாட்டிக்கொண்டு அதில் தலை வைத்துப் படுத்தாள். எப்படி இருக்கிறது என்று கேட்டால், அருமையா இருக்கு, அவளுக்கு என் ஞாபகம் இருக்கு என்றாள். பத்தாவது நாள் கழுத்து திரும்பவில்லை. யாராவது கூப்பிட்டால் சரக்கு லாரி வளைவது போல முழு உடம்போடு திரும்பினாள்.

பொறுக்க முடியாமல் மெத்தைக் கடைக்குப் போனேன். குளிர்பதனக் கிடங்கில் முப்பது வருடம் வெப்பமானி பார்த்தவனுக்கு ஒரு தலையணை வாங்கத் தெரியாதா என்ற திமிர். கடைக்காரர் எதைத் தொட்டாலும், இதுதான் சார் எங்க வீட்லயும் என்றார், அவர் வீட்டில் பதினான்கு தலையணையாவது இருக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் அடியில் வெப்பமானியைச் செருகி, பத்து நிமிடம் கன்னத்தை வைத்துப் பார்த்தேன். மற்றவர்கள் என்னைச் சுற்றிக்கொண்டு போனார்கள். கண்டதை எழுதுகிறேன், உனக்கும் உதவும். நுரைத் தலையணை குளிர்ந்த அறையில் செங்கல் மாதிரி இறுகுகிறது, தலைச் சூடு பட்டால்தான் இளகுகிறது. இறகு கதகதப்புதான், ஆனால் அம்மாவுக்குத் தும்மல். இலவம் பஞ்சு நல்லது, சீக்கிரம் கட்டி தட்டும். ஆட்டு ரோமம் அடைத்தது ஒன்றுதான் சூட்டையும் விடவில்லை, வியர்வையையும் தேக்கவில்லை. தோளுக்கும் கழுத்துக்கும் நடுவே சந்து இல்லாத உயரமாகப் பார், உறை வழுவழுப்பாக வேண்டாம். கிடங்கில் புதிதாக வருபவர்களுக்கு நாங்கள் சொல்வது ஒன்றுதான், குளிர் வெளியே போவதில்லை, சூடுதான் உள்ளே வருகிறது, முதலில் கதவைப் பார். தலையணையில் அது தலைகீழ், சூடுதான் வெளியே போகிறது.

வாங்கி வந்ததை அப்படியே கொடுத்தால் உன் பரிசை ஒதுக்கியது போலாகும். அதனால் அவள் பல் மருத்துவரிடம் போயிருந்த ஒரு மதியம் உன் தலையணையின் உறையைப் பிரித்து, ஜெல்லை உருவிவிட்டு, ரோமத்தைத் திணித்துத் தைத்தேன். ஜெல் இப்போது என் தலைக்கு அடியில் இருக்கிறது, என் தலைக்கு அது தேவை என்பது உன் அம்மாவின் நெடுநாள் கருத்து. ஒரு வாரத்தில் அவள் கழுத்து திரும்பியது, தொப்பி பீரோவுக்குப் போனது, பக்கத்து வீட்டு டீச்சரிடம் உன் தலையணையின் புகழ் பாடினாள். அம்மா நன்றாகத் தூங்குகிறாள் என்று நானும் உன்னிடம் சொன்னேன். பொய் சொல்லவில்லை, உறையை மட்டும் சொன்னேன். அதன் பலன்தான் மெத்தை விரிப்பு. அவளை உச்சி முதல் பாதம் வரை குளிர்விக்க நீ கிளம்பிவிட்டாய், அதைப் பிரித்துத் தைக்க எனக்கு ஆயுசு போதாது.

நேற்றுக் காலை அவளிடமே ஒப்புக்கொண்டேன். காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் நிமிரவே இல்லை. "முதல் நாளே தெரியும். நீங்க போட்ட தையல்ல கன்னத்துல கோடு விழுது" என்றாள். பிறகு ஏன் சும்மா இருந்தாய் என்றேன். "உறை அவ அனுப்பினதுதானே" என்றாள். கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "அவ சின்னதுலேர்ந்தே குளிர் தாங்க மாட்டா. அங்க எதுல தலை வெச்சுப் படுக்குறாளாம், கேட்டீங்களா?" என்றாள். நான் கேட்டதில்லை. நீயே கேளேன் என்றேன். சாயங்காலம் என்னோடு கடைக்கு வந்தாள். வெப்பமானியைப் பைக்குள் வைக்கச் சொல்லிவிட்டு, ஒவ்வொரு தலையணையிலும் தன் கன்னத்தை வைத்துப் பார்த்தாள். உனக்கென்று ஆட்டு ரோமம் அடைத்த ஒன்றை எடுத்தாள். உறையையும் அவளே தைத்தாள், என்னை ஊசிப் பக்கம் விடவில்லை.

உன் உடம்பைப் பார்த்துக்கொள், பாதத்தை மூடிக்கொண்டு படு, தலை கதகதப்பாகவும் புத்தி குளிர்ச்சியாகவும் இருக்க எங்கள் இருவரின் ஆசி உனக்கு உண்டு. மறக்காமல் ஒன்று செய். பொட்டலம் வந்ததும் கூப்பிடு, என் எண்ணுக்கு வேண்டாம். அனுப்புநர் இடத்தில் என் பெயரை எழுதப்போன என் கையிலிருந்து பேனாவை வாங்கி, அம்மா என்று மட்டும் எழுதியிருக்கிறாள். அஞ்சலகத்தில் முழுப்பெயர் கேட்பார்கள், அதை நான் போய்ப் பேசிக்கொள்கிறேன்.

உன் அப்பா