ஆளுக்குப் பாதி

12 மார்ச் 2025

ஆஸ்பத்திரி நாள். போஸ்ட் ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டு இவரைக் கூட்டிக்கொண்டு போனேன். ரத்தம் எடுத்தார்கள், குழாயில் ஊதச் சொன்னார்கள், நாக்கை நீட்டச் சொன்னார்கள். போன மாதத்தைவிட நாக்கு கனத்துவிட்டது. டாக்டர் சொல்லவில்லை, எனக்குத் தெரியாதா? கோயிலில் பாசுரம் சேவிக்கும்போது கோஷ்டி ஒரு வரி முடித்த பிறகும் இவர் குரல் மட்டும் பின்னால் இழுத்துக்கொண்டு வருகிறதாம். முன்வரிசையில் உட்கார்ந்து எல்லோருக்கும் எடுத்துக்கொடுத்த குரல்.

நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகச் சாகிற வியாதி. இவருக்கு நாக்கில் ஆரம்பித்தது. சிட்டிபாபுவுக்குக் கையில். சிட்டிபாபு பாலசமுத்திரத்தில் மாந்தோப்பு வைத்திருப்பவர். இரண்டு பேரும் ஒரே நாளில் இந்த மருந்து ஆய்வில் சேர்ந்தார்கள். மாதம் ஒரு பாட்டில். பாதிப் பேருக்கு நிஜ மருந்து, மீதிப் பேருக்கு ஒப்புக்கு ஏதோ ஒரு தண்ணீர். யாருக்கு எது என்று டாக்டருக்கே தெரியாதாம்.

பெஞ்சில் காத்திருந்தபோது சிட்டிபாபு மனைவி சுந்தரி சொன்னாள்: "எங்க ஊட்டுக்காரருக்குக் குடுக்கிறது சர்க்கரைப் பாகு மாதிரி கீதும்மா. பசங்க பாத்தா நக்கித் துன்னுடும்."

இவருடையது வேப்பங்காய்க் கசப்பு. குடித்துவிட்டு அரை மணி நேரம் முகத்தைக் கோணிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அதைச் சொன்னேன். கேட்டதும் சிட்டிபாபுதான் சிரித்தார். "அப்போ நெஜ மருந்து சாமிக்குத்தான். போவட்டும், ஒருத்தராவது தேறட்டும்."

எனக்கு உள்ளே சந்தோஷமாக இருந்தது. எழுதவே கூசுகிறது. ஆனால் இருந்தது.

13 மார்ச்

பாதியை சிட்டிபாபுவுக்குக் கொடுக்க வேண்டுமாம்! காலையில் காபி ஆறுவதற்குள் இந்தக் குண்டைப் போட்டார்.

"கோஷ்டியில ஒருத்தன் மட்டும் பிரசாதம் வாங்கிண்டு போறதுண்டா, மங்கை?"

குழறலாகத்தான் சொன்னார். இப்போதெல்லாம் இவர் பேச்சு எனக்கு மட்டும்தான் முழுதாகப் புரிகிறது. கத்திவிட்டேன். "ஏன்னா, அது புளியோதரை. இது மருந்து. யாருக்கும் கொடுக்க மாட்டேன்னு கையெழுத்துப் போட்டிருக்கேள்."

இவர் எப்போதுமே இப்படித்தான். கடைசி வரிசையில் தாமதமாக வந்து உட்கார்ந்தவனுக்கும் தன் தொன்னையிலிருந்து கிள்ளிக் கொடுக்காமல் வாயில் போட்டதே இல்லை. வெறும் தொன்னையோடு வீட்டுக்கு வந்த நாட்கள் உண்டு. இருக்கட்டும், சோறுதானே என்று விட்டேன். குரலையுமா பங்கு போடுவது?

9 ஏப்ரல்

பங்கு போட்டாயிற்று. திருப்பதி பஸ் ஸ்டாண்டில், சித்தூர் பஸ் நிற்கும் இடத்துக்குப் பின்னால். இரண்டு பாட்டிலையும் என் எவர்சில்வர் கூஜாவில் கொட்டிக் கலக்கி, மறுபடி இரண்டிலும் ஊற்றினேன். ஊற்றியது நான்தான். பல்லைக் கடித்துக்கொண்டு ஊற்றினேன்.

சுந்தரி முதலில் வாங்கவில்லை. "வேணாம் சாமி. உங்களுக்கு வந்தது உங்களுக்கு." இவர் நீட்டிய கையை மடக்கவே இல்லை. கடைசியில் அவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கோயில் பிரசாதம் வாங்குகிற மாதிரியே.

அதற்கு மேல் நான் என்ன கோபப்படுவது.

27 ஏப்ரல்

இன்று "மங்கை" என்று தெளிவாகக் கூப்பிட்டார். மருந்தா? என் காதா?

14 மே

சிட்டிபாபு சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொண்டாராம். ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒருமுறை கழற்றிப் போட்டுக் காட்டினார். நேரம் எடுத்தது, ஆனால் போட்டார். சுந்தரிக்கு வாயெல்லாம் பல். ஒரு பை நிறைய மாம்பழம் கொண்டுவந்திருந்தாள். காய் இறக்க ஆள் கிடைக்கவில்லை, சித்தூர் மாம்பழக் கூழ் ஃபாக்டரி வாசலில் லாரிகள் மைல் கணக்கில் நிற்கின்றன என்று சிட்டிபாபு சொல்லிக்கொண்டே இருந்தார். நோயாளி மாதிரியே இல்லை.

ரத்தத்தில் ஒன்றும் குறையில்லை என்றார்கள். மறுபடி பஸ் ஸ்டாண்ட், மறுபடி கூஜா.

பாதி மருந்துக்கே இப்படி என்றால் முழுதும் இவர் குடித்திருந்தால்? இந்த நினைப்பு மட்டும் போகமாட்டேன் என்கிறது.

3 ஜூன்

ஆய்வை நடுவிலேயே நிறுத்திவிட்டார்களாம். நான் கவுண்டரில் இருந்தபோது பவ்யா போன் பண்ணினாள். ஆய்வு வேலைகளைப் பார்த்துக்கொள்கிற பெண். "மருந்தைத் தொடாதீங்கம்மா. கங்காரு படாதீங்க, நாளைக்கு வாங்க." தெலுங்கு கலந்து பதறாதே என்று சொல்கிறவள் குரலே பதறுகிறது.

4 ஜூன்

எப்படி எழுதுவது?

நிஜ மருந்து குடித்தவர்களில் பல பேருக்கு, வெவ்வேறு ஊர்களில், ஈரல் கெட்டுவிட்டது. இரண்டு பேர் போய்விட்டார்கள். வியாதிக்கும் ஒரு குணமும் தெரியவில்லை. கண்காணிக்கிற குழு கணக்குப் பார்த்துவிட்டு, இனி ஒரு சொட்டுகூடக் கூடாது என்று சொல்லிவிட்டதாம். யாருக்கு எது என்ற ரகசியத்தையும் திறந்துவிட்டார்கள். இவருக்கு நிஜம். நாங்கள் நினைத்தது சரி.

ஒரு குணமும் இல்லை என்றால் அந்தப் பொத்தான்? "மங்கை" என்று கூப்பிட்டது? நாங்கள் ஆசைப்பட்டது அவ்வளவுதானா?

காலையில் எடுத்த ரத்தத்தைப் பார்த்துவிட்டு டாக்டர், ஈரல் கொஞ்சம்தான் வீங்கியிருக்கிறது, தப்பித்தீர்கள் என்றார். நான் கை கூப்பினேன். அப்போது இவர் ஏதோ கேட்டார். "சிட்டிபாபு?" என்று எடுத்துச் சொன்னேன்.

பவ்யா சிரித்தபடி சொன்னாள்: "அவருக்கு டம்மிதாம்மா. நேத்தே போன்ல சொல்லிட்டேன். பயமில்ல, பாட்டிலை அடுத்த தடவை வரும்போது கொண்டாங்கன்னேன். கண்ணு மஞ்சளா இருக்குன்னாங்க. ஊர் டாக்டர்கிட்ட காட்டச் சொல்லியிருக்கேன்."

இவர் முகத்தில் ரத்தம் இல்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். "கலந்து கொடுத்தோம்னு சொல்லு."

டாக்டருக்குப் புரியவில்லை. பவ்யாவுக்கும் புரியவில்லை. "என்னம்மா சொல்றார்?" என்றார்கள். எனக்கு மட்டும்தான் புரிந்தது. தண்ணீர் கேட்கிறார் என்று சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் வாயெடுத்தேன். இவரைப் போலீஸில் கொடுப்பார்களோ, நாளைக்கு வைத்தியம் பார்க்க மாட்டேன் என்பார்களோ — எல்லாம் ஒரு நிமிஷத்தில் ஓடியது. இவர் திரும்பச் சொன்னார். தொண்டை நரம்பு புடைக்க, ஒவ்வொரு எழுத்தாக. இந்த நாக்கை வைத்துக்கொண்டு இவ்வளவு பாடுபடுகிற மனுஷனுக்கு நான் வாயாக இல்லாவிட்டால் வேறு யார் இருப்பது?

சொன்னேன்.

டாக்டர் கத்தினார். கத்தட்டும், நியாயம்தான். "யார் எவ்வளவு குடித்தார்கள் என்று தெரிந்தால்தானே அம்மா எங்களால் யாரையும் காப்பாற்ற முடியும்?" பவ்யா கத்தவில்லை. சுந்தரிக்குப் போன் போட்டுக்கொண்டே இருந்தாள். ஸ்விட்ச் ஆஃப். சித்தூரில் யாரிடமாவது சொல்லி ஆள் அனுப்புகிறோம் என்றார்கள். இவர் எழுந்துவிட்டார். நாமே போகிறோம் என்றார். அதை மட்டும் நான் சொல்லாமலே எல்லோரும் புரிந்துகொண்டார்கள்.

5 ஜூன்

நேற்று சித்தூர் பஸ்ஸில் ஏறினோம். புத்தலப்பட்டு தாண்டியதும் ரோடு முழுக்க மாங்காய் லாரி. நகரவில்லை. இவர் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி உதட்டை அசைத்துக்கொண்டே வந்தார். சத்தமில்லை. சித்தூரில் ஒரு ஆட்டோ பிடித்து பாலசமுத்திரம்.

சிட்டிபாபு கட்டிலில் படுத்திருந்தார். கண், நகம், உள்ளங்கை எல்லாம் மஞ்சள். மோரில் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள் சுந்தரி. எங்களைப் பார்த்ததும் அவசரமாக நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். மாடத்தில் அந்தப் பாட்டில். அடியில்தான் கொஞ்சம் மிச்சம்.

"இன்னும் குடிக்கிறாரா?" என்றேன்.

"குடிச்சிக்கினுதான் கீறாரு. அந்தப் பொண்ணு சொல்லிச்சே, எங்களுது வெறும் தண்ணி, பயமில்லைன்னு. உங்க மருந்தும் அதுல கலந்து கீதே, அத வுடுவானேன்னு…"

எங்களுடைய மருந்துதான் விஷம் என்று அவளிடம் இன்னும் யாரும் சொல்லவில்லை. இவர் என்னைப் பார்த்தார். சொன்னார். நான் திருப்பிச் சொன்னேன். இவர் சொன்னதில் ஒன்றையும் குறைக்கவில்லை, என் பங்குக்கு ஒன்றையும் சேர்க்கவில்லை. "நான் கொடுத்ததுதான் இது. என் பாட்டிலில் இருந்தது. அது ஈரலைத் தின்னும். இப்போதே கிளம்பணும்."

சுந்தரி எழுந்து மாடத்துக்குப் போனாள். பாட்டிலை எடுத்துவந்து இவர் காலடியில் வைத்தாள்.

"பெருமாள் கோயில் கைன்னு வாங்கனேன் சாமி. வேற கையின்னா வாங்கியிருக்க மாட்டேன்."

அவ்வளவுதான். திட்டியிருந்தால் தாங்கியிருப்போம்.

அதே ஆட்டோவில் சித்தூர், அங்கிருந்து ஆம்புலன்ஸில் திருப்பதி. இவர் சிட்டிபாபுவின் காலைப் பிடித்துக்கொண்டே வந்தார்.

9 ஜூன்

சிட்டிபாபு ஐசியுவில்தான். நினைவு வந்து வந்து போகிறது. சுந்தரி என்னோடு பேசுவதில்லை. நான் கொண்டுபோகும் சாப்பாட்டை மட்டும் வாங்கிக்கொள்கிறாள்.

22 ஜூன்

கோஷ்டியில் இவருக்கு இப்போது குரலே இல்லை. இருந்தாலும் போகிறார், தன் இடத்தில் உட்கார்ந்து உதட்டை அசைத்துவிட்டு வருகிறார். இன்று கடைசிப் பாசுரம் சேவித்துச் சாத்துமுறை முடிந்து, பிரசாத விநியோகத்தின்போது பக்கத்தில் இருந்தவர் தொன்னையை இவர் கையில் கொடுத்து, பின்னால் இருக்கிறவருக்கு நீட்டச் சொன்னாராம். கையை மடியில் வைத்துக்கொண்டு மாட்டேன் என்று தலையாட்டிவிட்டாராம். தன் பங்கை வீட்டுக்குக் கொண்டுவந்து தட்டில் வைக்கிறார். எனக்குக்கூடக் கையால் எடுத்துக் கொடுப்பதில்லை.

டாக்டர்கள் யார்மேல் தப்பு என்று சொல்வதில்லை. வயதான டாக்டர் ஒருவர் மட்டும் வராந்தாவில் நின்று சொன்னார்: முழுதும் குடித்திருந்தால் உங்கள் கணவர் இன்று இருப்பாரா என்று தெரியாது. இது ஆறுதலா? இவர் இருக்கிறார் என்றால் இன்னொருவர் ஈரல் போட்ட பங்கில் அல்லவா இருக்கிறார். கொடுக்காதே என்று கத்தினேனே, அதுவும் தப்பு. கொடுத்ததும் தப்பு. நல்லது எது என்று அன்றைக்கு யாருக்குத் தெரிந்தது?

18 ஜூலை

சிட்டிபாபு டிஸ்சார்ஜ். மஞ்சள் இறங்கிவிட்டது. இன்னும் நாலு நாள் குடித்திருந்தால் சொல்வதற்கில்லை என்றார்களாம். கைகள் இரண்டும் இப்போது அறவே தூக்க முடியவில்லை. அது அந்த வியாதியின் வேலை. இனி இரண்டு பேருக்கும் மருந்து இல்லை.

பஸ் ஏறும்போது சுந்தரி திரும்பி, "வரேம்மா" என்றாள். போய்வருகிறேன் என்றுதானே அர்த்தம். இவரிடம் சொன்னேன். சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

20 செப்டம்பர்

புரட்டாசி முதல் சனி. எல்லைப் பக்கத்து ஊர்க்காரர்கள் எல்லாம் கும்பல் கும்பலாக வந்திருக்கிறார்கள், தெருவில் நடக்க இடமில்லை. மத்தியானம் வாசலில் யாரோ நிற்கிறார்கள் என்று பார்த்தால் சிட்டிபாபுவும் சுந்தரியும். நெற்றியில் பளிச்சென்று நாமம். சுந்தரிதான் போட்டுவிட்டிருப்பாள். கைகள் இரண்டும் தொங்குகின்றன.

இவர் எழுந்து நின்றார். எதுவும் சொல்ல முடியாது. காலையில் கோயிலில் கொடுத்த தயிர்சாதம் தொன்னையோடு மேஜைமேல் அப்படியே இருந்தது. நான் எடுத்து இரண்டு தட்டில் வைக்கப் போனேன்.

சிட்டிபாபு வேண்டாம் என்று தலையாட்டினார். "கை எழும்பலம்மா. சாமியே ஊட்டட்டும்."

இவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

சிட்டிபாபு இவருக்கு எதிரில் போய் நின்று வாயைத் திறந்தார். திறந்தபடியே நின்றார். நான் சுந்தரியைப் பார்த்தேன். அவள் கண் இவர் கையில் இருந்தது. அன்றைக்குப் பாட்டிலைக் காலடியில் வைத்தபோது இருந்த அதே முகம். கொஞ்ச நேரத்தில் அது தளர்ந்தது.

"குடுங்க சாமி. எவ்ளோ நேரம் வாயத் தொறந்துக்கினு நிப்பாரு அந்த மனுசன்?"

இவர் தொன்னையிலிருந்து ஒரு பிடி எடுத்து உருட்டினார். உருட்டியது ஒருமுறை உதிர்ந்து தரையில் விழுந்தது. இரண்டாவது முறை கொண்டுபோய் வாயில் வைத்தார். சிட்டிபாபு மென்று விழுங்கினார். பாதி தீர்ந்ததும் வாயை மூடிக்கொண்டு, மோவாயால் தொன்னையைக் காட்டினார்.

"மீதி உங்களுது சாமி."

இவருக்கு இப்போது விழுங்குவது கஷ்டம். ஒவ்வொரு பருக்கையாக, நேரம் எடுத்துக்கொண்டு, தின்று முடித்தார். நாங்கள் மூன்று பேரும் காத்திருந்தோம்.