நீ துப்பாத மாத்திரை

ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது பேத்தி கோமதி நெற்றியில் இட்டுவிடலாம் என்று புற்றுமண் டப்பாவைத் திறந்தேன். அடியில் விரலுக்கு ஏதோ தட்டுப்பட்டது. இழுத்தால், உன் மாத்திரைக் கவர். மருந்து கொடுப்பவர் காலைக்கும் ராத்திரிக்குமாகப் பேனாவால் வரைந்த சூரியனும் நிலாவும் மங்கிப்போயிருந்தன. கவரிலும் மண்வாசம். வருஷாவருஷம் கோயில் மண்ணை மேலே மேலே கொட்டியதில் நானே மறந்துவிட்டேன். அதை அங்கே ஒளித்துவைத்தது நான்தான்.

என் வீட்டுக்காரருக்கு நீ ஒரே தங்கை. யாரோ கூப்பிடுகிறார்கள் என்று தெருவில் இறங்கி நடந்துவிடுவாய். உன்னைக் கூட்டிக்கொண்டு இரண்டு பஸ் மாறிப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவேன். வாசலில் நிற்கிற ஆள், "மெண்டல் கேஸெல்லாம் இந்தப் பக்கம்" என்று சத்தம் போடுவார். தெரிந்தவர்கள் பார்த்துவிடக் கூடாதே என்று நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொள்வேன். "ஏன் மைனி, பைத்தியம் எனக்கா ஒங்களுக்கா?" என்று நீ சிரிப்பாய்.

மாத்திரையில் நீ தெளிந்தாய். கூப்பிட்ட குரல் நின்றது. கைதான் நடுங்கியது. ராயகிரியிலிருந்து என் மகளைப் பெண் பார்க்க வந்த அன்று காபித் தட்டை நீ தூக்கிக்கொண்டு போனாய். தம்ளர்கள் கடகடவென்று ஆடி, மாப்பிள்ளையின் அம்மா சேலையில் காபி சிந்தியது. எனக்கு உயிரே போய்விட்டது. நான் படித்தது ஐந்தாவதுதான். ஆனால் இந்தத் தெருவில் என்னை மிஞ்சி விவரம் தெரிந்தவர் இல்லை என்ற நினைப்பு எனக்கு. மாத்திரையை நிறுத்தினால் நடுக்கம் நின்றுவிடும் என்று, கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கையில் கவரை ஒளித்துவைத்தேன்.

"மைனி, மாத்திரை?"

"ஒனக்குத்தான் சரியாயிட்டேட்டி. இனி அம்மன் பாத்துக்கிடுவா" என்று புற்றுமண்ணைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தேன். நீ மறுபேச்சு இல்லாமல் குடித்தாய். நடுக்கம் குறைந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

கல்யாணத்தன்று காலையில் உன்னைக் காணவில்லை. மூன்றாம் நாள் கரிவலம்வந்தநல்லூர் பஸ் நிறுத்தத்தில் கண்டுபிடித்தோம். பாதமெல்லாம் கொப்புளம். டாக்டர், "மாத்திரைய யாரு நிறுத்துனது?" என்று கேட்டார். "அவளே துப்பிட்டா சார்" என்றேன். நீ தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாய். அதன் பிறகு கடைசிவரை நீ சரியாகத் தேறவும் இல்லை.

நீ போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. இப்போது கோமதிக்கு அதே குரல் கேட்கிறது. நம்மூர் ஆஸ்பத்திரியிலேயே இப்போது இதற்கு டாக்டர் வருகிறார். உட்கார நாற்காலி இருக்கிறது. பேர் சொல்லி உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்திவிட்டுத்தான் பேசுகிறார்கள். ஒரு தடவை நாங்கள் போகாமல் இருந்ததற்கு, "மாத்திரை வாங்க வரலையேம்மா?" என்று அங்கே இருக்கிற நர்சம்மாவே போன் போட்டுக் கேட்டாள். அன்றைக்கே இப்படியெல்லாம் இருந்திருந்தால் என்று மனசு சாக்குத் தேடும். இருந்திருந்தாலும் நான் பொய்தான் சொல்லியிருப்பேன்.

உன் கவர் கிடைத்த அன்று நர்சம்மா கேட்டாள்: "ஆச்சி, ஒங்க குடும்பத்துல முன்ன யாருக்காச்சும் இப்படி இருந்துச்சா?" பக்கத்தில் கோமதியின் அம்மா, என் மகள், உட்கார்ந்திருந்தாள். யாருக்கும் இல்லை என்றுதான் நாக்கில் வந்தது. மடியில் உன் கவர். உன் பேரைச் சொன்னேன். "அவ மாத்திரைய துப்பலம்மா. நாந்தான் நிறுத்துனேன்" என்றும் சொன்னேன்.

மகள் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் வாயைத் திறந்தாள். "யம்மா, காபி சிந்துன அன்னைக்கே அத்த எங்க மாமியாகிட்ட சொல்லிட்டாவளாம். 'நான் மாத்திர சாப்பிடுதேன், அதான் கை நடுங்குது, தப்பா நெனைக்காதீய'ன்னு. தெரிஞ்சுதான் என்னைய எடுத்தாவ."

நீ வெட்கப்படாமல் சொல்லிவிட்ட ஒன்றை மறைக்கத்தான் உன்னைக் கெடுத்தேனா?

நேற்று வீட்டுக்கு விருந்தாளிகள் வந்திருந்தார்கள். கோமதிக்கும் இப்போது கை லேசாக நடுங்குகிறது. "ஆச்சி, நீங்களே குடுத்திருங்களேன்" என்று காபித் தட்டை என்னிடம் நீட்டினாள். "நீயே கொண்டு போ மக்கா" என்றேன். தம்ளர்கள் ஆடின. கொஞ்சம் தரையில் சிந்தியது. முகத்தை மூட நான் முந்தானையைத் தொடவில்லை. வந்தவர்கள் முகத்தைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தேன்.