காலாற

என்னங்க,

உங்க தம்பி வீட்டுக்குக் கதவு மாட்ட ரெண்டு நாள் போதும்னீங்க. மாசமே முடியப்போகுது. நீங்க கிளம்பின அன்னைக்கு நாம சண்டை போட்டதைப் பத்தி நான் எதுவும் எழுதல.

நேத்து சாயங்காலம் தனியா காலாற நடந்துட்டு வரலாம்னு போனேன். முனைக்கடை தையல்காரர் என்னை நிறுத்தி, "என்னம்மா, யாருக்காவது உடம்பு சரியில்லையா?"ன்னு கேட்டார். அவ்வளவு வேகமாப் போயிருக்கேன்.

நீங்க கூட நடந்து வந்தா, தச்சர் புத்தியில வாசலுக்கு வாசல் நின்னு கதவு நிலை, கீல் எல்லாம் பார்ப்பீங்க. நான் பக்கத்துல நின்னு முணுமுணுப்பேன். காலாறினது அப்பதான்னு இப்பத்தான் புரியுது. இப்ப தெரு சட்டுன்னு முடிஞ்சுடுது.

சனிக்கிழமை சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுல நிப்பேன். வீட்டுக்கு நடந்தே வரலாம். எந்தக் கதவுகிட்ட வேணும்னாலும் நில்லுங்க.

உங்க
முணுமுணுப்பு