ரம்பமும் உன் வில்லும்

பாம்பூஃப்ளாட்,
9.3.2025

அன்புள்ள ஜெயமணிக்கு, ராஜமாணிக்கம் எழுதுவது.

பேரன் தவழும் போட்டோவை உமா மகேஸ்வரி அனுப்பியிருந்தாள். அதன் ஓரத்தில் உன் வலது கையும் பாதிக் கன்னமும் தெரிந்தன. வளையல் இறுகியிருக்கிறது. மகள் வீட்டுச் சாப்பாடு உனக்கு ஒத்துக்கொண்டது என்று தெரிந்துகொண்டேன். எனக்கும் ஒரு குறையும் இல்லை. சுகர் மாத்திரையை மறக்காமல் போடுகிறேன். போனில் பேசினால் ரம்பம் என்ற சொல் வந்ததும் நீ வைத்துவிடுகிறாய். கடிதம் என்றால் குறுக்கே பேச முடியாது, அதனால்தான் முப்பது வருஷத்துக்குப் பிறகு பேனா எடுத்திருக்கிறேன்.

பின்பக்கக் கூரைத் தகரம் ஒன்று காற்றில் கிளம்பியது. நானே ஏறி ஆணி அடித்துவிட்டேன். இந்த வயசில் ஏறினீங்களா என்று திட்டாதே, இறங்கியும் ஆகிவிட்டது. உன்னிடம் வயலின் படிக்கும் சௌமியா வாராவாரம் வாசலில் வந்து நின்று, டீச்சர் எப்ப வருவாங்க அங்கிள் என்று கேட்கிறாள். கப்பல் டிக்கெட் கிடைக்கவில்லை என்று சொல்லி வைக்கிறேன். மகள் பிரசவத்துக்கு மூன்று மாசம் என்று போனவள் நீ, இது பதினோராவது மாசம். இதற்குள் இந்தத் தீவுக்கு எத்தனை கப்பல் வந்து போயிற்று என்று அந்தப் பிள்ளைக்கும் தெரியும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். மடித்து வைத்துவிடாதே.

பங்குனி உத்திரத்துக்கு நம் முருகன் கோயிலில் ரம்பத்தில் வில் போட்டு வாசிக்க இடம் கேட்டேன். கமிட்டிச் செயலாளர் செந்தமிழன், நம் வீடு கட்டியபோது மணல் அடித்த அதே கான்ட்ராக்டர், டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, “தப்பா எடுத்துக்காதீங்கண்ணே, சாமி முன்னாடி ரம்பத்தைக் கொண்டாந்து வச்சா ஜனங்க சிரிக்கும். அது ஆசாரி சாமான்” என்றார். கடம் யார் சாமான் என்று கேட்டேன். அடுப்பில் ஏற வேண்டிய பானை, வித்வான் மடியில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. உன் வயலின் மட்டும் என்ன, வெள்ளைக்காரன் கொண்டுவந்து இறக்கியதுதானே? அதை முதன்முதலாக நம் கச்சேரியில் வைத்தவனைப் பார்த்தும் நாலு பேர் சிரித்துத்தான் இருப்பார்கள். அவன் அதற்குப் பயந்து பெட்டியை மூடியிருந்தால், உன்னை இன்று யார் டீச்சர் என்று கூப்பிடுவார்கள்? இவ்வளவையும் கேட்டேன். செயலாளர் டீக்குக் காசு கொடுக்கிற சாக்கில் எழுந்து போய்விட்டார்.

நீயும் அவர் கட்சிதான், தெரியும். மாப்பிள்ளை என் வீடியோவைக் குடும்ப க்ரூப்பில் போட்டு, ‘மாமா மரம் அறுக்கிறார்’ என்று எழுதினார். உமா அழுதாளாம். நீ போனில், மானம் போகுது, அந்தச் சனியனைக் கடல்ல போடுங்க என்றாய். அதற்குப் பதில் இன்று எழுதுகிறேன். போட மாட்டேன்.

முப்பத்துநாலு வருஷம் மரம் அறுக்கும் மில்லில் நான் சா டாக்டர். ரம்பங்களுக்கு வைத்தியன். கூர் வைப்பதும் முறுக்கு எடுப்பதும் எல்லோரும் செய்வது. நான் ஒவ்வொரு தகட்டையும் தட்டிக் கேட்பேன். நல்ல தகடு நின்று பேசும். விரிசல் விட்டது தொண்டை கட்டின மாதிரி அடங்கிவிடும். அப்போதே அதில் எனக்கு ஒரு மயக்கம் உண்டு, வெளியே சொன்னதில்லை. ஓய்வு பெற்ற பிறகு எந்த நாட்டுக்காரனோ ரம்பத்தைத் தொடையில் இடுக்கி, வளைத்து, வில் போட்டு வாசிப்பதை போனில் பார்த்தேன். அது குரல், ஜெயமணி. சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு பொம்பளை வாய் திறக்காமல் பாடுவது மாதிரி இருந்தது. என் கைக்குள் இத்தனை வருஷம் இருந்ததை எவனோ வாசிக்கிறான் என்று கோபமே வந்தது.

மறுநாளே ஃபெர்ரி ஏறி அலி அக்பரின் இரும்புக் கடைக்குப் போனேன். கடையில் இருந்த இருபத்தேழு ரம்பத்தையும் தட்டிப் பார்த்தேன். “பொண்ணு பாக்க வந்தவுக மாதிரி ஒவ்வொண்ணா பாக்குறீங்களே, எந்த வீட்லயாவது கைய நனைப்பீங்களாண்ணே?” என்று அவர் கேட்க, கடையே சிரித்தது. இருபத்துமூன்றாவதில் கை நனைத்தேன்.

அதன் பிறகு நான் செய்த முட்டாள்தனம் உனக்குத் தெரியும். பழக்க தோஷம், வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அதற்குக் கூர் வைத்தேன். கூர் வைத்த ரம்பத்தைத் தொடையில் இடுக்கினேன். ஏழு தையல். கட்டு மாற்றியது நீதான், ஒரு வாரம் என்னோடு பேசாமலே மாற்றினாய். பிறகு அரம் எடுத்து ஒவ்வொரு பல்லாகத் தேய்த்து மழுக்கினேன். வாழ்நாளெல்லாம் பல் கொடுத்த கை, பல்லைப் பிடுங்க மறுத்தது. இரண்டு நாள் பிடித்தது. பல் போனால் சொல் போச்சு என்பார்கள். இதற்குப் பல் போன பிறகுதான் சொல்லே வந்தது.

உன் வில்லைக் கேட்காமல் எடுத்தது தப்பு. உன் அப்பா வாங்கிக் கொடுத்த வில். ரம்பத்தின் முதுகில் இழுத்து வில்லின் குதிரைமுடியில் பாதியை அறுத்துவிட்டேன். நீ சத்தம் போட்டிருந்தால் நான் சமாளித்திருப்பேன். நீயோ வில்லைப் பெட்டிக்குள் வைத்து மூடி, கப்பலுக்கும் எடுத்துக்கொண்டு போய்விட்டாய். அந்த ஒன்றுக்கு மட்டும் மன்னிப்புக் கேட்கிறேன். வாசித்ததற்குக் கேட்க மாட்டேன்.

போன சனிக்கிழமை நடந்ததை நீ கேட்க வேண்டும். அக்கரையில் சாத்தம் படகு ஜெட்டியில் ஃபெர்ரிக்காக நிற்கிறேன், கையில் ரம்பம். காலமில்லாத காலத்தில் மழை கொட்டி ஃபெர்ரியை நிறுத்திவிட்டார்கள். ஷெட்டுக்குள் அறுபது பேர், ஆளாளுக்கு முணுமுணுப்பு. மூங்கிலில் தூண்டில் நரம்பைக் கட்டி நானே ஒரு வில் செய்து வைத்திருந்தேன். ஓரமாக உட்கார்ந்து வாசித்தேன், நீ பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் அந்த வர்ணத்தை. முதலில் சிரித்தார்கள்தான். பிறகு முணுமுணுப்பு ஓய்ந்தது. ஓர் இடம் வந்ததும் நான் நிறுத்திவிட்டேன். காலிக் கூடையோடு நின்ற மீன்கார வங்காளி அம்மா, “ருக் கியூன் கயே தாதா? ஆகே பஜாவ்” என்று அதட்டினாள். ஏன் நிறுத்திட்டீங்க, மேலே வாசிங்க என்கிறாள். நான் எங்கே வாசிப்பது? உன்னிடம் தேறிய பிள்ளைகள் காலையில் வந்த காலத்தில் நான் மில்லில் இருந்தேன், நான் ஓய்வு பெறுவதற்குள் அவர்கள் படித்து முடித்துப் போய்விட்டார்கள். சாயங்காலம் வரும் கற்றுக்குட்டிகள்தான் எனக்கு குரு. அவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில் தப்பு விடுவார்கள், நீ ‘ம்ஹும்’ என்று நிறுத்தி முதலிலிருந்து தொடங்கச் சொல்வாய். கதவுக்கு இந்தப் பக்கம் அதுவரைக்கும்தான் எனக்குப் பாடம். அதற்கு மேல் அந்த வர்ணம் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியாது. அந்தத் தப்பும் என் கையில் அப்படியே இருக்கிறது.

ஜெட்டிச் செய்தி கமிட்டிக்கும் எட்டியது. புதன்கிழமை செந்தமிழன் வீட்டுக்கே வந்தார். கச்சேரிக்கு முன்னால் கூட்டம் சேரும் நேரத்தில் பத்து நிமிஷம் தருகிறாராம், “காமெடி ஐட்டம்னு அனவுன்ஸ் பண்ணிக்கிறோம்ணே” என்றார். உட்காரச் சொல்லி நான் டீ போட்டுக் கொடுத்தேன். குடித்து முடித்ததும், மேடை வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன். பங்குனி உத்திரத்தன்று மாலை ஆறு மணிக்கு நம் பாம்பூஃப்ளாட் ஜெட்டியில் வாசிக்கப் போகிறேன். மைக் வேண்டாம், பந்தல் வேண்டாம். கோயில் கூப்பிடு தூரம், முருகனுக்குக் காது கேட்கும். சிரிக்கிறவன் சிரிக்கட்டும். ஃபெர்ரி வரும்வரை எழுந்து எங்கே போய்விடுவான்?

உமா நேற்று தனியாக போன் செய்தாள். அம்மாவின் வில்லுக்கு இங்கே புது முடி போட்டாயிற்று, கூரியரில் அனுப்பட்டுமாப்பா என்று ரகசியமாகக் கேட்டாள். முடி போடக் கொடுத்தது யார் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. கூரியர் வேண்டாம் என்றேன். உடைத்துவிடுவார்கள். அது ஓர் ஆள் மடியில் வைத்துக் கொண்டுவர வேண்டிய சாமான்.

பேரனுக்கு என் முத்தம். எல்லோரையும் ஆறுமுகன் காப்பான், என் தொடையைக் காத்த மாதிரி.

வா என்று நான் கெஞ்சவில்லை, ஜெயமணி. நீ வந்தாலும் வராவிட்டாலும் அன்று வாசிப்பேன், தூண்டில் நரம்பை வைத்தாவது. பிள்ளைகள் தப்பு விடும் அந்த இடம் வரைக்கும் வந்து, நானும் தப்பு விட்டு, நிறுத்துவேன். வில்லை மடியில் வைத்துக்கொண்டு கூட்டத்தைப் பார்ப்பேன். கூட்டத்திலிருந்து ஒரு ‘ம்ஹும்’ கேட்டால், முதலிலிருந்து தொடங்குவேன்.

இப்படிக்கு,
உன் ராஜமாணிக்கம்